மேற்கே கன்னையன் வீடு

ராசிங்காபுரம்
12.6.2025

திருமதி பானுப்பிரியா பால்ராஜ் அவர்களுக்கு,

போடி வீட்டில் உங்கள் பூட்டை நேற்று பொழுது சாய்ந்ததும் நான்தான் உடைத்தேன். யாரோ திருடன் என்று நினைத்துப் போலீசுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். போனில் பேசலாம் என்றால் உங்கள் மலையில் பாதி நேரம் டவர் இல்லை. மீதி நேரம் நாம் இருவரும் கத்திக்கொண்டிருக்கிறோம். இனிமேல் எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும். ஜீப் டிரைவர் சின்ராசு தினமும் போடியிலிருந்து மேலே ஆள் ஏற்றிப் போகிறவன். அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவனிடமே கொடுங்கள்.

நான் சாவி கொடுத்தது ஒரு காலைப் பொழுதுக்கு. இன்னும் கிரயம் ஆகவில்லை. பேங்கில் உங்கள் லோன் பேப்பர் வரவில்லை, பத்திரம் எழுதவில்லை, ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலை நாம் மிதிக்கவில்லை. அக்ரிமெண்ட் ஒன்றுதான் போட்டிருக்கிறோம். ஆனாலும் வைகாசியின் கடைசி முகூர்த்தத்தை விட்டால் ஆனி, ஆடி தாண்டி ஆவணிக்குத்தான் நல்ல நாள் என்று நீங்கள் அழாத குறையாகக் கேட்டதால், "சரி, பாலைக் காச்சிட்டுச் சாவியக் கொடுத்துருங்க" என்றேன்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? அடுப்பை வைத்தீர்கள், குத்துவிளக்கை வைத்தீர்கள், சாமி படம் மாட்டினீர்கள். உங்கள் வீட்டுக்காரரை மூன்று நாள் அங்கேயே படுக்க வைத்தீர்கள். போகும்போது தெருக்கதவோடு இருக்கிற என் பூட்டு போதாதென்று, அதற்கு மேல் தேங்காய் அளவுக்கு ஒரு பூட்டைத் தொங்கவிட்டுப் போயிருக்கிறீர்கள். இதற்குப் பெயர் என்ன?

இனிப் புதுப் பூட்டுப் போடக் கூடாது. ஏன் என்று கேட்க வேண்டாம். பத்திரம் முடியும்வரை அது என் வீடு.

இப்படிக்கு
சோ. உக்கிரபாண்டி
(ஓய்வுபெற்ற டைம் கீப்பர், போடி பஸ் ஸ்டாண்ட்)


எஸ்டேட் லயம், பூப்பாறை
15.6.2025

உக்கிரபாண்டி அண்ணனுக்கு,

நான் நலம், அங்கே மகள் ரோஜா, பேரப்பிள்ளைகள் எல்லாம் நலமா என்றுதான் ஆரம்பிக்க நினைத்தேன். முதல் வரியிலேயே பூட்டை உடைத்தேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் அந்த எண்ணம் போய்விட்டது.

பால் பொங்கின வீட்டை அன்றைக்கே இருட்டாகப் போட்டுவிட்டு வருவார்களா? மூன்று நாளாவது விளக்கெரிய வேண்டும், ஆள் படுக்க வேண்டும். உங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லையா? இல்லை என்று நீங்கள் சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

பூட்டு ஏன் போட்டோம் என்று கேளுங்கள். முதல் நாள் சாயங்காலம் இவர் தெருக்கதவைப் பூட்டிவிட்டு, பின்கதவுக்குப் போகிற அந்த நடையில் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். வெளியிலிருந்து யாரோ சாவி போட்டுத் திறக்கிற சத்தம். ஒரு அம்மா, அறுபது வயது தாண்டியிருக்கும், கையில் தூக்குச்சட்டி, சேலையெல்லாம் ஏலக்காய் வாசம். உள்ளே வந்து, இலையைத் தாண்டாமல் சுவரோரமாக ஒதுங்கி நடந்து, பின்கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். இவரை ஏறிட்டும் பார்க்கவில்லையாம். விடிவதற்கு முன்னால் பின்பக்கமிருந்து வந்து அதே மாதிரி தெருவுக்குப் போனார். மறுநாளும் அப்படியே. இவர் பேய் என்றே முடிவு கட்டிவிட்டார். மூன்றாம் நாள் துணிந்து "யாரும்மா நீங்க?" என்று கேட்டதற்கு, "நான் இங்கிட்டுத்தேன் போவேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்திருக்கிறார். யாரோ புத்தி சரியில்லாதவர் என்று நினைத்துத்தான் மேலே இன்னொரு பூட்டுப் போட்டோம்.

அந்த அம்மா யார்? நான் வாங்கப் போகிற வீட்டின் சாவி அவர் கையில் எப்படி வந்தது? பூட்டைப் பற்றிப் பிறகு சண்டை போடலாம். முதலில் இதற்குப் பதில் எழுதுங்கள்.

பானுப்பிரியா


ராசிங்காபுரம்
18.6.2025

திருமதி பானுப்பிரியா அவர்களுக்கு,

அந்த அம்மா என் அண்ணன் கன்னையனின் மனைவி. பெயர் மூக்கம்மாள். அண்ணன் இறந்து பதினோரு வருடம் ஆகிறது. எங்கள் அப்பா விட்டுப்போன நீள வீட்டை இரண்டாகப் பிரித்தபோது தெருப்பக்கம் எனக்கு, பின்பக்கம் அண்ணனுக்கு. பின்பக்கத்துக்கு அப்பால் பள்ளிக்கூடத்து மதில். ஆகவே அவர்கள் எங்கள் நடை வழியாகத் தெருவுக்குப் போய் வருவார்கள். இப்போது அண்ணி மட்டும் போய் வருகிறார். காலையில் ஏலக்காய் பொறுக்குகிற குடோனுக்குப் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவார். பேய் இல்லை என்று உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

நீங்கள் பூட்டிவிட்டுப் போன அன்று அவர் வேலை முடிந்து வந்து தெருவில் நிற்பதாகப் பக்கத்து வீட்டு மருதாயி போன் போட்டது. ராசிங்காபுரத்திலிருந்து பஸ் ஏறிப் போனேன், உடைத்தேன்.

இதில் நான் மறைத்தது எதுவும் இல்லை. அக்ரிமெண்டில் நான்கு எல்லையும் போட்டிருக்கிறது. கிழக்கே தெரு என்றும் மேற்கே கன்னையன் வீடு என்றும் தெளிவாக எழுதியிருக்கிறது. நீங்கள் பிளஸ் டூ படித்தவர் என்று சொன்னீர்கள். கன்னையன் வீடு என்று ஒன்று இருந்தால் அதில் ஆள் இருக்காதா? ஆள் இருந்தால் வெளியே வர மாட்டாரா? வில்லங்கச் சான்று எடுத்தீர்கள், மூலப் பத்திரம் கேட்டீர்கள், வரி ரசீது கேட்டீர்கள், சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தீர்கள், கக்கூசில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தீர்கள். பின்கதவைத் திறந்து பார்க்கவில்லை. அது என் குற்றமா?

சோ. உக்கிரபாண்டி


பூப்பாறை
23.6.2025

திரு. உக்கிரபாண்டிக்கு,

அண்ணன் என்று எழுதக் கை வரவில்லை.

பின்கதவைத் திறக்கச் சொல்லி நான் கேட்டேன். "அந்தப் பக்கம் ஒண்ணுமில்லம்மா, அது தொறந்து நாளாச்சு" என்று சொன்னீர்கள். ரோஜாவும் பக்கத்தில் நின்றாள். அவளையே கேட்டுப் பாருங்கள்.

மூன்று தடவை வந்து வீட்டைப் பார்த்தோம். மூன்று தடவையும் பத்து மணிக்கு மேல் வந்து, நாலு மணி ஜீப்பைப் பிடித்து ஏறிவிட்டோம். இருட்டிவிட்டால் போடிமெட்டுக்கு மேலே ரோட்டில் யானை நிற்கும், எந்த டிரைவரும் வண்டி எடுக்க மாட்டான். மலைக்காரர்கள் எப்போது இறங்குவார்கள், எப்போது ஏறுவார்கள் என்று பஸ் ஸ்டாண்டில் காலமெல்லாம் உட்கார்ந்து நேரம் குறித்த மனிதர் நீங்கள். உங்கள் அண்ணி குடோனில் இருக்கிற நேரமும் எங்கள் நேரமும் ஒன்று என்று உங்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அது போதும் என்று இருந்துவிட்டீர்கள்.

நான் ஏன் வீடு வாங்குகிறேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாம். இருந்தாலும் எழுதுகிறேன். நான் பிறந்தது லயத்தில், கட்டிக்கொடுத்ததும் லயத்தில். ஒரே வரிசையாக வீடுகள், எல்லா வீட்டுக்கும் ஒரே வராந்தா. குளித்துவிட்டுத் தலை துவட்டும்போதும் யாராவது வாசலைக் கடப்பார்கள், வீட்டில் அழுதாலும் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். என்னைக் கேட்காமல் என் வீட்டுக்குள் ஒருத்தரும் நடக்கக் கூடாது. இந்த ஒரு ஆசைக்காகத்தான் நானும் இவரும் ஏலச்செடிக்கு அடியில் குனிந்தே கிடந்தோம். இப்போது எஸ்டேட் வேறு கைக்கு மாறிவிட்டது. லயத்தை இடித்துவிட்டு ரிசார்ட் கட்டப் போகிறார்களாம். ஆடி முடிவதற்குள் "ஒழிஞ்ஞு தரணும்" என்று மலையாளத்தில் காலி செய்யச் சொல்கிறான் புது மேனேஜர். இந்த அவசரத்தில் ஓடி வந்தவள் தலையில், ஆள் நடக்கிற பாதையை வீடு என்று சொல்லிக் கட்டப் பார்க்கிறீர்கள்.

பத்திரத்துக்கு முன்னால் அந்தப் பின்கதவைச் செங்கல் வைத்து அடைத்துக் கொடுங்கள். முடியாது என்றால் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுங்கள். வேறு வீடு பார்த்துக்கொள்கிறோம்.

பானுப்பிரியா


ராசிங்காபுரம்
27.6.2025

அம்மா,

அட்வான்ஸைத் திருப்பிக் கொடு என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள். பால் பொங்கின வீட்டை இப்போது யார் தலையில் கட்டுவேன்? அன்று தெருவே வந்து பார்த்தது. கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது என்று சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தீர்கள். இனி நீங்கள் விட்டுவிட்டுப் போனால், "பால் காச்சினவகளே வேணாம்னு ஓடிட்டாக, அந்த வீட்ல என்னமோ இருக்கு" என்று பேசுவார்களா, மாட்டார்களா? இப்போதே பேசுகிறார்கள். கம்பத்து வாத்தியார் ஒருவர் உங்களுக்கு முன்னாலேயே கேட்டவர். போன வாரம் அவரிடம் சும்மா பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். "வேறொருத்தர் பால் காய்ச்சின வீடா? வேண்டாங்க" என்று போனை வைத்துவிட்டார்.

"எழுதாத வீட்ல பால் காச்ச விடாதீங்கப்பா" என்று ரோஜா தலையால் அடித்துக்கொண்டாள். நான் கேட்கவில்லை. உங்கள் மூஞ்சியைப் பார்த்து இரக்கப்பட்டேன். இரக்கப்பட்டதற்கு இது வேண்டியதுதான்.

உங்களாலும் போக முடியாது. பொங்கின பாலை விட்டுவிட்டுப் போய், இன்னொரு வீட்டில் இன்னொரு தடவை பால் வைக்க உங்களுக்கு மனசு வருமா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

அடைக்கச் சொல்கிறீர்கள். நான் அடைக்க மாட்டேன். பத்திரம் முடியட்டும். அப்புறம் வீடும் உங்களுடையது, செங்கல்லும் உங்களுடையது. மறுநாளே கொத்தனாரைக் கூப்பிட்டு அடைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று நான் வந்து கேட்க மாட்டேன்.

சோ. உக்கிரபாண்டி


பூப்பாறை
6.7.2025

திரு. உக்கிரபாண்டிக்கு,

வெள்ளிக்கிழமை நான் போடியில் இருந்தேன். உங்களிடம் சொல்லவில்லை. நாலு மணி ஜீப்பை வேண்டுமென்றே விட்டுவிட்டு மருதாயி அக்கா வீட்டில் தங்கினேன். வீடு பார்க்க வந்த முதல் நாளே செய்திருக்க வேண்டிய காரியம்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு உங்கள் அண்ணி வந்தார். நான்தான் வாங்கப் போகிறவள் என்றதும் தூக்குச்சட்டியை வாசலில் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். "அடைக்கப் போறியா ஆத்தா?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் உங்களுக்குத்தானே எழுதினேன், அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "கொழுந்தன் மக வந்து சொல்லுச்சு. வாங்குறவுக அடைக்கச் சொல்றாக, வெரசா வேற இடம் பாத்துக்கிறுங்க பெரியம்மான்னு" என்றார். ஆக, மகளை விட்டுச் சொல்ல வைத்திருக்கிறீர்கள். அதுவும் என் பேரில்.

பின்னால் கூட்டிப் போய்க் காட்டினார். ஒரு அறை, ஒரு சமையல் சார்ப்பு, துவைக்கிற கல், அப்புறம் மதில்தான். மதில் என் தலைக்கு மேலே நிற்கிறது. "நடைய அடைச்சா எங்கிட்டுப் போவீக?" என்று கேட்டேன். "ஏணி வச்சு ஏறிக் குதிக்க வேண்டியதுதேன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பி வரும்போது நான் வைத்த குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். பால் காய்ச்சின நாளிலிருந்து போகும்போதும் வரும்போதும் அவர்தான் எண்ணெய் ஊற்றுகிறாராம். நாங்கள் யாரும் அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் பத்திரம் எழுதுகிற திருப்பதியிடம் போய்க் கேட்டேன். "காலங்காலமா நடக்குற வழிய அடைச்சா, அடைச்சவங்க பேர்லதாம்மா கேசு வரும். வித்தவர் பேர்ல வராது" என்றார். அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. அந்த வழி அடைபட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் நீங்கள். ஆனால் அண்ணியை அடைத்தவன் என்று ஊர் பேசக் கூடாது. அதற்கு மலையிலிருந்து ஒரு ஏமாந்த பொம்பளை வேண்டும். சொல்லாமல் விற்றால், பார்த்ததும் அவள் கொதித்துப்போய் அவளே அடைத்துவிடுவாள். பாவமும் கேசும் அவளுக்கு, நீங்கள் ராசிங்காபுரத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருப்பீர்கள். நல்ல ஆளாகப் பார்த்துத்தான் பிடித்தீர்கள்.

நான் அப்படி ஒன்றும் நல்லவள் இல்லை. அடைத்துவிட வேண்டும் என்று இப்போதும் எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்களுக்காக அடைக்க மாட்டேன்.

பானுப்பிரியா


ராசிங்காபுரம்
10.7.2025

அம்மா,

மருதாயி வீட்டில் உட்கார்ந்து என்னைப் பற்றித் தெரிந்துகொண்டீர்கள். மீதியையும் தெரிந்துகொள்ளுங்கள்.

என் அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. கூடப் பிறந்தவன் நான் ஒருவன். கொள்ளி என் கையால்தான் வைத்திருக்க வேண்டும். அண்ணனைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கிற நீர்மாலைக்குப் போக நான் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். இந்த அம்மா எழுந்து வந்து, தன் தங்கச்சி மகன் முத்துக்கண்ணன் கையைப் பிடித்து, "இவன் வைக்கட்டும்" என்றார். சொந்தபந்தம், தெரு, பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்த என் சக ஊழியர்கள் எல்லோருக்கும் முன்னால். துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக நடந்தேன். ஏன் அப்படிச் செய்தார் என்று இன்றுவரை சொல்லவில்லை.

அன்றிலிருந்து காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. என் வீட்டுக்குள், என் கண் முன்னால். ஒரு வார்த்தை கிடையாது. பதினோரு வருடத்தில் ஒரு வார்த்தை! அந்தச் செருப்புச் சத்தம் நடையில் கேட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஒரு நாள் அடைத்தே தீருவது என்று செங்கல் இறக்கினேன். என் அண்ணன் என்னைச் சைக்கிளில் உட்கார வைத்து உருட்டிக்கொண்டு போன வழி அது. கை வரவில்லை. செங்கல்லை அப்படியே இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

அடைக்கவும் முடியவில்லை, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருக்கவும் முடியவில்லை. அதனால்தான் பிறந்த வீட்டை விற்றுவிட்டு மகள் வீட்டுக்கு வந்து கிடக்கிறேன். நீங்கள் அடைத்தால் அடையுங்கள் என்று நினைத்தது உண்மை. என்னை மோசக்காரன் என்று எழுதுங்கள். அண்ணனுக்குக் கொள்ளி வைக்க முடியாதவன் என்பதைவிட அது ஒன்றும் பெரிய வசவு இல்லை.

சோ. உக்கிரபாண்டி


பூப்பாறை
20.7.2025

திரு. உக்கிரபாண்டிக்கு,

உங்கள் வருத்தம் வருத்தம்தான். இல்லை என்று சொல்லவில்லை. அதை வீட்டோடு சேர்த்து எனக்கு விற்கப் பார்த்தீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இங்கே மேல் லயத்தில் தகரத்தைப் பிரித்துவிட்டார்கள். மழை கொட்டுகிறது. அந்த லயத்து இரண்டு குடும்பம் இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. காலையில் எழுந்தால் கால் வைக்க இடமில்லை. தோட்டத்துக்குள் நாங்கள் காலங்காலமாக நடக்கிற குறுக்கு வழியில் புதிதாக ஒரு கேட் போட்டுப் பூட்டிவிட்டான் மேனேஜர். கேட்டதற்கு, "உங்க பேர்ல எழுதியிருக்கா?" என்கிறான். எழுதவில்லை. நடந்தோம், அவ்வளவுதான். அங்கே நின்றுகொண்டிருந்தபோது எனக்கு உங்கள் அண்ணி ஞாபகம்தான் வந்தது. வரக் கூடாது என்று எவ்வளவோ பார்த்தேன்.

இவர், "விட்டுத் தள்ளு, அட்வான்ஸ் போனாலும் போகுது" என்கிறார். பால் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. எனக்கு மனசு வரவில்லை. ஆகவே வாங்குகிறேன். ஆனால் நான் சொல்கிறபடி.

வடபுறத்து நடை வழியாக மூக்கம்மாளும், அவருக்குப் பிறகு அந்தப் பின்வீட்டை அனுபவிக்கிறவர்களும் எந்நாளும் போக வரப் பாத்தியம் உண்டு என்று பத்திரத்தில் எழுத வேண்டும். நாளைக்கே எனக்குக் கோபம் வந்து செங்கல் இறக்கினாலும் அடைக்க முடியாதபடி எழுத வேண்டும். என் குணம் எனக்குத் தெரியும்.

அடுத்தது, மூக்கம்மாள் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள் இருவரும் ஒன்றாக வந்து என் கண் முன்னால் போட வேண்டும். அவரை நீங்களே நேரில் போய்க் கூப்பிட வேண்டும். ரோஜாவை அனுப்பினால் செல்லாது.

முடியாது என்றால் பால் பொங்கின வீட்டை வாங்க வேறு ஆள் தேடுங்கள். கம்பத்து வாத்தியாருக்கு இன்னொரு தடவை போன் போட்டுப் பாருங்கள்.

பானுப்பிரியா


ராசிங்காபுரம்
25.7.2025

அம்மா,

வழியை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். சாட்சிக்கு என் மருமகன் வருவான்.

அந்த அம்மாவை நான் போய்க் கூப்பிட மாட்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போடவும் என்னால் ஆகாது. என் வீட்டை விற்க எனக்கு நீங்கள் என்ன நிபந்தனை போடுவது? விற்காவிட்டால் வீடு இடிந்து நாசமாகப் போகட்டும்.

சோ. உக்கிரபாண்டி


பூப்பாறை
27.7.2025

திரு. உக்கிரபாண்டிக்கு,

போகட்டும்.

சாமி படத்தையும் விளக்கையும் எடுத்து வர அடுத்த வெள்ளிக்கிழமை இவர் வருவார். அதுவரை அணைக்க வேண்டாம் என்று உங்கள் அண்ணிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

பானுப்பிரியா


ராசிங்காபுரம்
12.8.2025

திருமதி பானுப்பிரியா அவர்களுக்கு,

வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டுக்காரர் வருவார் என்று நான் போய்க் காத்திருந்தேன். வரவில்லை. அடுத்த வெள்ளியும் போனேன். அப்போதும் வரவில்லை. பூச்சாண்டி காட்டினீர்கள் என்று புரிந்துகொண்டேன்.

ஆவணி நாலாம் தேதி, புதன்கிழமை, பத்திரம் எழுதுகிற திருப்பதி ரிஜிஸ்டர் ஆபீஸில் டோக்கன் போட்டிருக்கிறார். உங்கள் பேங்கில் பேப்பர் வந்துவிட்டதாகவும் சொன்னார். ஆதார் அட்டை, போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டு வாருங்கள். பத்திரத்தின் நகலைக் கையெழுத்துக்கு முன்னாலேயே வாங்கி வரிக்கு வரி படியுங்கள். நான்கு எல்லையையும் படியுங்கள். பிறகு நான் மறைத்தேன் என்று எழுதக் கூடாது.

நீங்கள் கேட்டபடி போய்க் கூப்பிட்டேன். நடையில் நின்று, "புதன்கெழம கையெழுத்துப் போடணுமாம், வரணும்" என்றேன். "வர்றேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. உங்களுக்கு இப்போது திருப்திதானே?

சம்மதம் என்று இதற்கு அர்த்தம் இல்லை.

சோ. உக்கிரபாண்டி


ராசிங்காபுரம்
18.9.2025

திருமதி பானுப்பிரியா அவர்களுக்கு,

கிரயம் முடிந்தபின் உங்களுக்கு எழுத எனக்கு எந்த அவசியமும் இல்லை. ஆனால் பரணில் எங்கள் அப்பாவின் பித்தளை அண்டா ஒன்றை விட்டுவிட்டேன். பத்திரத்தில் வீடுதான் எழுதியிருக்கிறது, அண்டா எழுதவில்லை. சின்ராசுவை அனுப்புகிறேன், அவனிடம் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. நடையில் போகும்போது வரும்போது அண்ணி உங்களிடமாவது ஏதாவது பேசுகிறாரா? சும்மா கேட்டேன். இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை.

சோ. உக்கிரபாண்டி


போடிநாயக்கனூர்
22.9.2025

உக்கிரபாண்டி அண்ணனுக்கு,

அண்டா பத்திரமாக இருக்கிறது. அடியில் ஓட்டை. அதையும் நீங்கள் சொல்லவில்லை.

உங்களை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். ரிஜிஸ்டர் ஆபீஸ் பெஞ்சில் நீங்களும் அண்ணியும் ஆளுக்கொரு ஓரத்தில் உட்கார்ந்த லட்சணத்தில் நடுவில் என் பையை வைக்க இடம் இருந்தது. கையெழுத்துப் போட்ட கையோடு டீ கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டீர்கள்.

பதில் வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். பேசுகிறார். வாய் ஓயாமல் பேசுகிறார். குடோனில் யார் யாரோடு சண்டை, எந்த லோடில் காய் பச்சையாக வந்தது, என் குழம்பில் உப்பு ஏன் கம்மி, எல்லாம் பேசுகிறார். வேலை முடிந்து வந்தால் நேராகத் தன் வீட்டுக்குப் போகிறாரா என்றால் அதுவும் இல்லை. தூக்குச்சட்டியை வைத்துவிட்டு நடையிலேயே காலை நீட்டி உட்கார்ந்துவிடுகிறார். சில நாள் எனக்கு எரிச்சலாக வருகிறது. தனியாக உட்கார்ந்து ஒரு வாய் காப்பி குடிக்கத்தானே வீடு வாங்கினோம் என்று நினைத்துக்கொள்வேன். அவர் வர நேரமானால் தெருவை எட்டிப் பார்க்கிறவளும் நான்தான்.

ஒரு நாள் கேட்டேவிட்டேன். "இம்புட்டுப் பேசுறீக, கொழுந்தன்கிட்ட மட்டும் ஏன் ஒரு வார்த்தை பேசல?"

"நான் எங்கிட்டு ஆத்தா பேச? தெருக்கதவுல நான் சாவி போட்ட சத்தம் கேட்டதுமே உள்கதவச் சாத்திக்கிருவாரு. டிவியச் சத்தமா வச்சிருவாரு. கொஞ்ச நாள் கதவுகிட்ட நின்னு பாத்தேன். கதவுகிட்டயா பேசுறது?"

கொள்ளி விஷயத்தை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதைக் கேட்க வேண்டிய ஆள் நான் இல்லை.

அண்டாவுக்குச் சின்ராசுவை அனுப்பாதீர்கள். கொடுக்க மாட்டேன். நீங்களே வாருங்கள். பத்து மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில் வந்து பார்த்துவிட்டுப் போகிற தப்பை இந்த வீட்டில் நான் ஏற்கெனவே செய்துவிட்டேன். அந்த நேரத்தில் வந்தால் கதவைத் திறக்க மாட்டேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வாருங்கள்.

பானுப்பிரியா